ரங்கூன் கப்பலும் மோகினித் தீவும்



ரயிலே இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்த ரயில்வேக்காரன் நான். 35 வருஷம் தண்டவாளத்துக்கும் ஜல்லிக்கும் நடுவே காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்றபின் மகன் குடும்பத்தோடு ஃபீனிக்ஸ் பேயில் இருக்கிறேன். விடியற்காலையில் ஜெட்டியில் கப்பல் ஊதினால், "எந்த வண்டி?" என்று இன்றும் தூக்கத்தில் கேட்கிறேனாம். வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். இப்படிப்பட்டவன் மாயக் கதைகளைப் பற்றி எழுத வந்தானே என்று நீங்கள் வியக்கலாம். அதற்குக் காரணம் என் பேத்தி.

அலமாரிக்கு மேல் போன புத்தகம்

பேத்தி அப்போது 10-ம் வகுப்பு. பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. கணக்குப் புத்தகத்துக்குள் இன்னொரு புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். 500 பக்கத்துக்கு மேல் இருக்கும் ஆங்கில நாவல். அட்டையில் ஒரு பெண், பின்னால் ஒரு கோட்டை, மேலே இரண்டு நிலா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதையெல்லாம் படிச்சா மார்க் வருமா?" என்று பிடுங்கி அலமாரிக்கு மேல் போட்டேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. நாலு நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், திரும்பிப் போய்விடுவாள். வயசான காலத்தில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ஐந்தாம் நாள் நானே ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் புத்தகத்தை எடுத்தேன். எது என்று தெரியாமலே தடை செய்தது எனக்கே உறுத்தியது. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு 12 நாளில் படித்து முடித்தேன். அதற்குள் அவள் பரீட்சையும் பாதி முடிந்திருந்தது.

கதை இதுதான். தாயை இழந்த ஒரு பெண் பழைய கண்ணாடி ஒன்றின் வழியாக வேறோர் உலகத்துக்குப் போகிறாள். அங்கே அவளுக்கு ஒரு சக்தி இருப்பது தெரியவருகிறது. எதிரி நாட்டு இளவரசன் மேல் அன்பு வருகிறது. கடைசியில் அங்கேயே இருப்பதா, திரும்பி வருவதா என்று அவள் முடிவு செய்யவேண்டும். இந்த வகைக்கு 'போர்ட்டல் ஃபேன்டஸி' என்று பெயராம். பேத்தி பிறகு சொல்லித்தான் தெரியும். நான் 'வாசல் கதை' என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

படித்து முடித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் இந்தக் கதை எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். நம் தமிழிலேயே தெரியும்.

பாயிண்ட் மாறும் இடம்

ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாறும் இடத்தைப் பாயிண்ட் என்போம். '1-க்கு 12' என்று ஒரு கணக்கு உண்டு. 12 அடி முன்னே போனால் 1 அடிதான் பக்கவாட்டில் விலகும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சின்னதாய் ஒரு குலுக்கல், அவ்வளவுதான். ஆனால் வண்டி போய்ச் சேரும் ஊர் வேறு. நல்ல வாசல் கதையும் அப்படித்தான். ஆள் மாறும் இடம் ரொம்பச் சின்னது. ஒரு தூக்கம், ஒரு நிலவு, ஒரு கதவு.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் நமக்கு அதை அறநூலாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கதையாக யாரும் சொல்லவில்லை. புகார் நகரத்து உவவனத்தில் பூப்பறிக்கப் போன இளம்பெண்ணைச் சோழ இளவரசன் உதயகுமரன் தேடி வருகிறான். அவள் பளிங்கு அறைக்குள் ஒளிந்துகொள்கிறாள். அன்றிரவு அவள் தூங்கும்போது மணிமேகலா தெய்வம் அவளை எடுத்துக்கொண்டு 30 யோசனை தூரத்தில் இருக்கும் மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது. கண் விழித்தால் மணலும் கடலும்தான். தோழி சுதமதியைத் தேடிக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். பதில் இல்லை.

அந்தத் தீவில்தான் அவளுக்குப் போன பிறவி தெரியவருகிறது. எந்த இளவரசனைக் கண்டு ஒளிந்தாளோ, அவன்தான் போன பிறவியில் அவள் கணவன். பிறகு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. ஒன்று வானத்தில் போக, ஒன்று வேறு உருவம் எடுக்க, ஒன்று பசியைத் தாங்க. வைகாசிப் பௌர்ணமியன்று கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. என் பேத்தியின் புத்தகத்தில் இருந்தது எல்லாம் இதில் இருக்கிறது. ஒரு விஷயம் கூடவே இருக்கிறது. இவள் அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு சிம்மாசனம் ஏறவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள்.

நம் தீவுக்காரர்கள் கவனிக்கவேண்டிய ஓர் ஆளும் அதில் உண்டு. அமுதசுரபியில் முதல் பிச்சை இட்ட ஆதிரையின் கணவன் சாதுவன். கப்பல் உடைந்து, மரத்துண்டைப் பற்றிக்கொண்டு, ஆடையில்லாத நாகர் வாழும் தீவில் கரை ஒதுங்குகிறான். அவனைக் கொன்று தின்னவே வருகிறார்கள். அவனுக்கு அவர்கள் பாஷை தெரிந்திருந்தது. பேசினான், பிழைத்தான். தீவில் அவனைக் காப்பாற்றியது மந்திரம் இல்லை, மொழி!

கல்கி திறந்த இரண்டு வாசல்கள்

நம் காலத்துக்கு வருவோம். கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி என்றாலே பொன்னியின் செல்வனும் சிவகாமியின் சபதமும்தான் நினைவுக்கு வரும். அவர் எழுதிய சின்ன நாவல்கள் இரண்டு இந்த வகையைச் சேர்ந்தவை.

ஒன்று, 1947-ல் வந்த 'சோலைமலை இளவரசி'. ரயில்வேக்காரனுக்குப் பிடித்தமாதிரி நள்ளிரவு ரயிலில் ஆரம்பிக்கிறது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் போலீஸ் தேடும் குமாரலிங்கம் என்ற இளைஞன், தப்பி ஓடிப் பாழடைந்த கோட்டையில் ஒளிகிறான். அங்கே கண் அயர்ந்தால் நூறு வருஷத்துக்கு முந்தைய காலம். அவன் மாறனேந்தல் ராஜா, எதிரே சோலைமலை இளவரசி மாணிக்கவல்லி. விழித்தால், அதே முகத்தோடு பொன்னம்மாள் என்ற கிராமத்துப் பெண் நிற்கிறாள். இரண்டு காலத்துக்கும் நடுவே அவன் போய்ப் போய் வருகிறான்.

இரண்டாவது, 1950-ல் வந்த 'மோகினித் தீவு'. இது நம் கடலில் நடக்கும் கதை. ஜப்பான்காரன் குண்டு போட, ரங்கூனை விட்டு ஜனங்கள் ஓடி வருகிறார்கள். அப்படி வரும் கப்பல் ஒன்று, எதிரிக் கப்பலுக்குப் பயந்து ஆளில்லாத தீவு ஒன்றின் ஓரமாய் ஒதுங்கி நிற்கிறது. பயணி ஒருவர் கரையிறங்கிப் பார்க்கிறார். மாமல்லபுரம் போல மண்டபங்களும் சிற்பங்களும் பாழடைந்து கிடக்கின்றன. ராத்திரி தங்குகிறார். நிலவு எழும்போது, ராஜ களையோடு ஓர் ஆணும் பெண்ணும் வருகிறார்கள். பாண்டிய ராஜகுமாரி புவனமோகினியும் சோழ ராஜகுமாரன் சுகுமாரனும். பகையாளி வீட்டுப் பிள்ளைகள் எப்படி ஒருவரையொருவர் விரும்பினார்கள், இந்தத் தீவுக்கு எப்படி வந்தார்கள் என்று இருவரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். நடு நடுவே கணவன் மனைவிச் சண்டை வேறு! முடிவை நான் சொல்லமாட்டேன். 1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் மலிவுப் பதிப்புகள் நிறைய உண்டு. வாங்கிப் படியுங்கள்.

அது கற்பனைத் தீவு, வரைபடத்தில் கிடையாது. ஆனால் ரங்கூனையும் சென்னையையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். வழி கொஞ்சம் விலகினால் கப்பல் எங்கே ஒதுங்கும்? நம்மூர்ப் பக்கம்தான்.

அத்தையின் தீவு

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் என் அப்பாவின் அக்கா. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டில், பத்திரிகையிலிருந்து கிழித்து நூல் வைத்துத் தைத்த கட்டு ஒன்று அவரிடம் இருந்தது. பகல் சாப்பாடு முடிந்ததும் எங்களை உட்காரவைத்துச் சத்தம் போட்டுப் படிப்பார். எத்தனை தடவை படித்தாலும் ஒரு வழக்கம் மாறாது. கப்பலில் ஜனங்கள் நெருக்கியடித்து ஏறும் இடம் வந்தால் கட்டை மூடிவிடுவார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, தீவிலிருந்து தொடங்குவார்.

அத்தை பிறந்தது ரங்கூனில். தாத்தா அங்கே அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். 1941 டிசம்பர் 23-ம் தேதி ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. அன்று அத்தைக்குப் பத்து வயது. பர்மாவை விட்டு அந்தச் சில மாதங்களில் சுமார் 5 லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். கப்பலில் இடம் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் மலையையும் காட்டையும் நடந்தே கடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர்.

எங்கள் பாட்டிக்கும் அத்தைக்கும் கைக்குழந்தையாய் இருந்த என் அப்பாவுக்கும் கப்பலில் இடம் கிடைத்தது. தாத்தாவும் 16 வயது மூத்த பிள்ளையும் நடந்து வருவதாகச் சொல்லி நின்றுவிட்டார்கள். ஐந்து மாசம் கழித்து ஆடி மாசத்தில் தாத்தா மட்டும் வந்தார். என்ன நடந்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பாட்டியும் கேட்கவில்லை.

இது எனக்கு வெகு நாள் தெரியாது. வேலையில் சேர்ந்த பிறகு ஒருநாள் லீவில் போயிருந்தபோது, "ஏன் அத்தே, அந்த ஒரே கதையையே படிக்கிறீங்க?" என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

"அண்ணன் எங்கயோ ஒரு தீவுல இருக்கான்னு நெனச்சுக்குவேன்டா. மண்டபமும் நிலாவுமா, நல்லா இருக்கான்னு."

நான் அப்போது புதிதாகப் பாஸான டிப்ளமாக்காரன். எல்லாவற்றுக்கும் கணக்கு பார்ப்பேன். "பெரியப்பா நடந்துல்ல வந்தாங்க? காட்டு வழியில வந்தவங்க எப்படித் தீவுக்குப் போவாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கதையிலயாச்சும் கப்பல்ல வரட்டுமேடா" என்றார்.

அத்தை 1998-ல் காலமானார். அந்தத் தைத்த கட்டு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போயிருக்கலாம். நாங்கள் யாரும் பத்திரப்படுத்தவில்லை. பேத்தியின் புத்தகத்தை அலமாரிக்கு மேல் எறிந்தபோது, இந்தக் கைதான் எறிந்தது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

ஓடி வருகிறவர்களுக்குத் திறக்கும் கதவு

எல்லாவற்றையும் பேத்தியிடம் சொன்னேன். முதலில் மன்னிப்பு, பிறகு மணிமேகலை, பிறகு அத்தை. அவள் கேட்டுவிட்டு ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தாள். சி. எஸ். லூயிஸ் என்பவர் எழுதிய நார்னியா வரிசையில் முதலில் வந்தது. நாலு குழந்தைகள் ஒரு துணி அலமாரிக்குள் புகுந்து, பனி பெய்யும் வேறோர் உலகத்தில் போய் நிற்கிறார்கள்.

"தாத்தா, அவங்க ஏன் அந்த வீட்டுக்கு வந்தாங்க தெரியுமா? லண்டன்ல பாம் போட்டாங்க. அதான் ஊரைவிட்டு அனுப்பிச்சாங்க."

அந்தப் புத்தகம் வந்த வருஷத்தைப் பார்த்தேன். 1950! மோகினித் தீவும் 1950. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு எழுத்தாளர்கள். ஒருவர் லண்டன் குண்டுக்குத் தப்பிய குழந்தைகளுக்கு ஒரு கதவைத் திறந்தார். மற்றவர் ரங்கூன் குண்டுக்குத் தப்பிய பயணிக்கு ஒரு தீவைக் காட்டினார்.

அப்புறம்தான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்தக் கதைகளில் வாசல் யாருக்குத் திறக்கிறது? வீட்டில் சுகமாய் உட்கார்ந்திருப்பவனுக்கு இல்லை. மணிமேகலை இளவரசனுக்குப் பயந்து ஒளிந்தவள். குமாரலிங்கம் போலீசுக்குத் தப்பி ஓடியவன். மோகினித் தீவுக்காரர் அகதி. நார்னியாக் குழந்தைகளும் அப்படியே. பேத்தியின் நாவலில் வரும் பெண் தாயை இழந்தவள். காலுக்குக் கீழே இருந்த மண் போய்விட்டவர்களுக்குத்தான் இன்னொரு மண் தேவைப்படுகிறது. விளையாட்டுக் கதை என்று நாம் தள்ளிவிடுகிறோம். என் அத்தைக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை.

ராஸ் தீவில் ஒரு மாலை

பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவளை ராஸ் தீவுக்கு அழைத்துப் போனேன். 2018-லிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். நம் வயசுக்காரர் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. நம் ஊரே 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. போர்ட் பிளேர் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறோம்.

அபர்டீன் ஜெட்டியிலிருந்து கொஞ்ச நேரப் படகுதான். ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் இந்தத் தீவுகளை அங்கிருந்துதான் ஆண்டான். 1941 ஜூனில் பெரிய பூகம்பம். 1942 மார்ச் 23-ம் தேதி ஜப்பான் படை வந்து இறங்கியது. இப்போது அங்கே கூரையில்லாத மாதாகோயிலும் சுவர்களும்தான் இருக்கின்றன. சுவரை ஆலும் அரசும் வேரால் பிடித்து வைத்திருக்கின்றன. உத்தரம் போய்விட்டது, சுண்ணாம்பு போய்விட்டது, வேர்தான் சுவரைத் தாங்குகிறது. இப்படி ஒரு கட்டுமானத்தை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை. நடுவே மான்கள் பயமில்லாமல் மேய்கின்றன.

படிக்கட்டில் உட்கார்ந்து மோகினித் தீவைப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்ட வராது. பள்ளியில் ஆங்கிலமும் ஹிந்தியும்தான். கப்பலில் ஜனங்கள் ஏறும் இடம் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அத்தை ஏன் தண்ணீர் குடிக்க எழுந்து போவார் என்று அப்போது தெரிந்தது. பேத்தி ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

படகுக்குத் திரும்பி நடக்கும்போது கேட்டாள்: "அவரு ஏன் தாத்தா திரும்பி வந்தாரு? நானா இருந்தா அங்கேயே இருந்திருப்பேன்."

"திரும்பி வந்ததாலதானே கதை நமக்குக் கிடைச்சுது" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்குப் புதுக்கோட்டைதான் தாத்தா அந்தப் பக்கத்து உலகம். நீங்க சொல்ற மாதிரி பேசுவாங்க, கோயில் இருக்கும், யாரு யாரோ என்னைத் தெரியும்ம்பாங்க. ஆனா அங்க எனக்கு ஒண்ணும் படிக்கத் தெரியாது."

வாசல் எந்தப் பக்கம்?

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. நமக்கு இந்தத் தீவு புது உலகம், ஊர்தான் வீடு. நம் பேரப்பிள்ளைகளுக்கு நேர் எதிர். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியும் கடலும்தான் அவர்களுக்கு வீடு. மூன்று நாள் கப்பலில் போய் இறங்கும் ஊர்தான் மாய உலகம். வாசல் ஒன்றேதான், பக்கம்தான் வேறு. அந்த வாசலுக்குச் சாவி மொழி. சாதுவன் பிழைத்தது அதனால்தான்.

இதற்காகப் பிள்ளைகளைத் திட்டி, ஆங்கிலப் புத்தகத்தைப் பிடுங்கிப் பிரயோஜனம் இல்லை. பிடுங்கிப் பார்த்தவன் அனுபவத்தில் சொல்கிறேன். அவர்கள் படிப்பதை நாமும் வாங்கிப் படிப்போம். பிறகு, "இதே மாதிரி நம்மகிட்ட ஒண்ணு இருக்கு, கேக்குறியா?" என்று கேட்போம். கேட்காத பிள்ளையை நான் பார்க்கவில்லை. காதல் வருகிறதே என்று பயப்படவேண்டாம். சுகுமாரனும் புவனமோகினியும் செய்யாத காதலா! நம் வீட்டில் நம் பாஷையில் அதைப் பேச முடிந்தால் பிள்ளை நம்மிடம் மறைத்துப் படிக்கமாட்டாள்.

இன்னொரு வேண்டுகோள். இங்கே இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒரு வாசல் வழியாக வந்ததுதான். பிழைப்புத் தேடி ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் உண்டு. இலங்கையிலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள் உண்டு. எந்த வருஷம், எந்தக் கப்பல், கையில் என்ன இருந்தது, யாரை விட்டுவிட்டு வந்தீர்கள்? இரண்டு பக்கம் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள். எங்கள் தாத்தா சொல்லாமலே போய்விட்டார். என் பெரியப்பா எந்த மலையில் நின்றார் என்று கேட்க இனி ஆள் இல்லை.

பேத்தி இப்போது 11-ம் வகுப்பு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் அரை மணி நேரம் தமிழ். மோகினித் தீவின் முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க 40 நிமிஷம் ஆயிற்று. போன வாரம் கப்பல் வரும் இடம் வரை தனியாகவே வந்துவிட்டாள். அங்கே நிறுத்தி, "தாத்தா, தண்ணி வேணுமா?" என்றாள்.

"வேண்டாம்மா, நீ படி" என்றேன்.